ஸ்கோப் வாங்குமுன்: பிரெய்ரி டாக், கிரவுண்ட்ஹாக், காகிதக் குறி

ரைஃபிளின் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மடங்கு?" என்றுதான். கடைக்காரரும் அந்தக் கேள்விக்கே பதிலாகப் பெரிய எண் பொறித்த ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துவிடுவார். அதற்கு முன்பே தெளிவாக வேண்டியவை இரண்டு: குறி எவ்வளவு பெரியது, அது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது. இவை தெரிந்துவிட்டால் மடங்கு, குறுக்குக்கம்பி, கிளிக், குழாய் என்று மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம்.

இங்கே பேசுவது அமெரிக்கச் சூழலை. தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா மேய்ச்சல் நிலங்களில் வளை தோண்டும் அணில் இனமான பிரெய்ரி டாக், பென்சில்வேனியா, ஒஹையோ வைக்கோல் வயல்களில் அதே இனத்தின் பருத்த உறவான கிரவுண்ட்ஹாக், ஓரிகானின் அல்ஃபால்ஃபா வயல்களில் தரை அணில். பயிரையும் மேய்ச்சலையும் கெடுக்கும் இந்தச் சிறு பிராணிகளைச் சுடுவதைத்தான் வார்மின்ட் ஷூட்டிங் என்கிறார்கள். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை. அமெரிக்காவில் குடியிருந்து, முறைப்படி ரைஃபிள் வைத்திருக்கும் நம்மவர்களுக்காகத்தான் இது.

அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் 60-இல் ஒரு பங்கு. 100 கஜத்தில் அது 1.047 அங்குலம். 1 மில் என்பது 100 கஜத்தில் 3.6 அங்குலம், அதாவது சுமார் 3.44 எம்.ஓ.ஏ. பிரெய்ரி டாக் பின்னங்காலில் எழுந்து நின்றால் ஓரடி உயரம் இருக்கும். அகலம் மூன்று, நான்கு அங்குலம்தான். மூன்றரை அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 300 கஜத்தில் அது 1.1 எம்.ஓ.ஏ. அகலக் குறி. எஃப்-கிளாஸ் என்னும் நெடுந்தூரக் காகிதக் குறிப் போட்டியில் 1000 கஜத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10 அங்குலம். அதுவும் ஏறக்குறைய 1 எம்.ஓ.ஏ.

கோணத்தில் இரண்டும் ஒன்றாக இருந்தாலும் ஸ்கோப்பிடம் இரண்டும் கேட்பது வேறு. காகிதக் குறி நகராது, அதன் தூரம் தெரியும், தொடக்கத்தில் சோதனைக் குண்டுகள் சுட்டுப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பிரெய்ரி டாக் 180 கஜத்தில் ஒன்று தலைநீட்டும், அடுத்தது 340-இல் நிற்கும், தூரத்தை அளந்து முடிப்பதற்குள் வளைக்குள் போய்விடும். ஒரே ஸ்கோப் இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும், முழுமையாகப் பொருந்தாது. எந்தப் பக்கம் அதிகம் சுடுவீர்கள் என்பதை வாங்குமுன் உங்களுக்கு நீங்களே நேர்மையாகச் சொல்லிக்கொள்வது நல்லது.

எத்தனை மடங்கு

நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் நுணுக்கம் சுமார் 1 எம்.ஓ.ஏ. இதை வைத்து மடங்கைக் கணக்கிடலாம். .22 விட்டக் குண்டு காகிதத்தில் போடும் ஓட்டை 100 கஜத்தில் 0.21 எம்.ஓ.ஏ. 20 மடங்கு ஸ்கோப்பில் அது கண்ணுக்கு 4 எம்.ஓ.ஏ. அளவில், தெளிவாகத் தெரியும். 200 கஜத்தில் அதே ஓட்டை 2 எம்.ஓ.ஏ. ஆகக் குறையும்; வெள்ளைப் பகுதியில் விழுந்தால் தெரியும், கறுப்பு வளையத்தில் விழுந்தால் சிரமம். 300 கஜத்தில் 1.4 எம்.ஓ.ஏ.; காற்று சற்றே கலங்கினாலும் போயிற்று. 100, 200 கஜங்களில், மேசையில் துப்பாக்கியைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட்காரர்கள் 36 மடங்கிலும் அதற்கு மேலும் நிற்பதற்குக் காரணம் இதுதான். 6 மி.மீ. பி.பி.சி. என்னும் போட்டித் தோட்டாவின் ஓட்டை 36 மடங்கில் 200 கஜத்திலும் 4 எம்.ஓ.ஏ. அளவில் தெரியும், முந்தைய குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து அடுத்ததைத் திருத்தலாம்.

வயலில் ஓட்டையைத் தேட வேண்டியதில்லை. அங்கே மடங்கு கூடக்கூடத் தொல்லைதான் கூடும். பார்வை அகலத்துக்கு ஓர் எளிய கணக்கு: 100 கஜத்தில் எத்தனை அடி அகலம் தெரியும் என்பதற்கு 105-ஐ மடங்கால் வகுத்தால் பெரும்பாலான ஸ்கோப்புகளுக்குக் கிட்டத்தட்டச் சரியாக வரும். 24 மடங்கில் நான்கரை அடி, 12 மடங்கில் ஒன்பது அடி. 150 கஜத்தில் நிற்கும் பிராணியை 24 மடங்கில் தேடினால் ஏழடிக்கும் குறைவான சாளரத்தில் புல்லைத் துழாவிக்கொண்டிருப்பீர்கள். சுட்டதும் துப்பாக்கி உதைத்து நகர்ந்தால் படம் சாளரத்தைவிட்டு வெளியே போய்விடும். குண்டு எங்கே மண்ணைக் கிளப்பியது என்பது தெரியாமல் போனால் அடுத்த குண்டுக்கு வழிகாட்ட எதுவும் இல்லை. .223 ரெமிங்டன் தோட்டாவில் இந்த உதை குறைவு, .22-250 தோட்டாவில் கூடுதல். .22-250 வைத்திருப்பவர்களில் சிலர் 14, 16 மடங்குக்கு மேல் போகாமலிருப்பது இதனாலும்தான்.

அடுத்தது கானல். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் சூடான காற்று பிம்பத்தை ஓடும் தண்ணீருக்கு அடியில் வைத்ததுபோல ஆட்டும். ஸ்கோப் குறியைப் பெரிதாக்கும் அதே அளவுக்கு அந்த ஆட்டத்தையும் பெரிதாக்கும். ஜூலை மாத மதியத்தில் டகோட்டா சமவெளியில் 24 மடங்கு வைத்தால் பிராணியின் விளிம்பே கரைந்துவிடும். 12 அல்லது 14-க்கு இறக்கினால் மீண்டும் உருவம் கிடைக்கும். விலை உயர்ந்த கண்ணாடி கானலை நீக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். நீக்காது. நல்ல கண்ணாடியில் ஆட்டத்துக்கு நடுவே விளிம்பு கொஞ்சம் கூர்மையாகத் தெரியும், அவ்வளவுதான்.

கானலால் ஒரு நன்மையும் உண்டு. ஃபோகஸ் குமிழை குறிக்குச் சற்று முன்பாக வைத்துப் பார்த்தால் கானல் ஓடும் திசை தெரியும். நேராக மேலே கொதித்தால் பக்கக் காற்று இல்லை, அல்லது காற்று நேர் முன்னிருந்தோ நேர் பின்னிருந்தோ வருகிறது. சாய்ந்து ஓடினால் மென்காற்று. தரையோடு தரையாகப் படுத்து ஓடினால் மணிக்குப் பத்து மைல் அளவுக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பார்த்த பிறகு ஃபோகஸைக் குறிக்கே திருப்பிவிட்டுத்தான் சுட வேண்டும்.

துப்பாக்கிக் குழலின் சொந்த வெப்பமும் இதே வேலையைச் செய்யும். பிரெய்ரி டாக் நிறைந்த இடத்தில் பத்துப் பதினைந்து குண்டு தொடர்ந்து சுட்டதும் முன் லென்ஸுக்கு நேர் கீழே குழலிலிருந்து வெப்பம் எழும். காற்று அமைதியாக இருக்கையில் குறி மேலே மிதப்பதுபோலத் தோன்றும். ஸ்கோப் கெட்டுவிட்டதென்று இதைப் பார்த்து முடிவுகட்டிவிடாதீர்கள். குழலின் மேல் இழுத்துக் கட்டும் இரண்டு அங்குல அகலத் துணிப்பட்டை போதும், வெப்பம் பக்கவாட்டில் போய்விடும்.

ஆகவே வார்மின்டுக்கு 4-16 (நான்கிலிருந்து பதினாறு மடங்குவரை மாற்றக்கூடியது), 5-25, 6-24 ஆகிய மூன்று வகைகளுக்குள் தேடுங்கள். அந்த மூன்றில் மேல் எண்ணைவிடக் கீழ் எண் முக்கியம். ஓரிகானில் 25 கஜத்திலிருந்து 150 கஜம்வரை ஓடும் தரை அணிலை .17 எச்.எம்.ஆர். என்னும் சிறு தோட்டாவால் சுடுபவருக்கு 8-இல் தொடங்கும் ஸ்கோப் பெரும்பாரம். 4-இல் தொடங்குவதே சரி.

குறுக்குக்கம்பி

என் மதிப்பில் மடங்கைவிடப் பெரிய முடிவு இது. கடையில் பத்தடி தூரச் சுவரைப் பார்த்து வாங்கும்போது இதன் அருமை தெரியாது.

கம்பியின் பருமனை முதலில் பாருங்கள். 0.06 மில் பருமனுள்ள கம்பி 300 கஜத்தில் 0.65 அங்குலத்தை மறைக்கும், 0.03 மில் கம்பி மூன்றில் ஓர் அங்குலத்தை. மான் வேட்டைக்கான பருத்த கம்பி 400 கஜத்தில் பிரெய்ரி டாக்கின் பாதியை விழுங்கிவிடும். காகிதக் குறிக்கு எட்டில் ஒரு பங்கு எம்.ஓ.ஏ. புள்ளி நல்ல தேர்வு. 100 கஜத்தில் 0.13 அங்குலம்தான் மறைக்கும். ஆனால் அதே மெல்லிய புள்ளி காய்ந்த பழுப்புப் புல்லின் பின்னணியில் தொலைந்துபோகும். வெள்ளைக் காகிதத்தில் அழகாக இருந்தது வயலில் கண்ணுக்கே சிக்காது. எந்தப் பின்னணியில் பயன்படுத்தப்போகிறீர்களோ அந்த நிறத்தை நோக்கி, கடைக்கு வெளியே எடுத்துச்சென்று பாருங்கள்.

அடுத்து, கம்பி முதல் குவியத்தளத்தில் இருக்கிறதா, இரண்டாம் குவியத்தளத்தில் இருக்கிறதா என்பது. முதல் தளத்தில் இருந்தால் மடங்கைக் கூட்டும்போது கம்பியும் குறியோடு சேர்ந்து வளரும்; அதன் கோடுகளின் அளவு எந்த மடங்கிலும் மாறாது. இரண்டாம் தளத்தில் இருந்தால் கம்பி எப்போதும் ஒரே பருமனில் தெரியும், ஆனால் கோடுகளின் அளவு ஒரே ஒரு மடங்கில்தான், பெரும்பாலும் உச்ச மடங்கில்தான், சரியாக இருக்கும்.

இதில்தான் வயலில் பலருக்கும் தவறு நேர்கிறது. 6-24 ஸ்கோப், இரண்டாம் தளம், 24 மடங்கில் ஒவ்வொரு கோடும் 2 எம்.ஓ.ஏ. என்று வைத்துக்கொள்வோம். கானல் ஏறுகிறது, மடங்கை 12-க்கு இறக்குகிறார்கள். இப்போது ஒவ்வொரு கோடும் 4 எம்.ஓ.ஏ. காற்றுக்காக 3 எம்.ஓ.ஏ. விலக்கிப் பிடிப்பதாக நினைத்து ஒன்றரைக் கோடு தள்ளினால் உண்மையில் 6 எம்.ஓ.ஏ. தள்ளியிருக்கிறார்கள். 300 கஜத்தில் அது ஒன்பது அங்குலத்துக்கு மேல் பிழை. குண்டு எங்கோ போய் விழும்; சுட்டவர் காற்றைக் குறை சொல்லுவார்.

காற்றுக்கு எவ்வளவு விலக்க வேண்டும் என்பதையும் பார்த்துவிடுவோம். .223-இல் 55 கிரெய்ன் (சுமார் மூன்றரை கிராம்) பிளாஸ்டிக் முனைக் குண்டு, குழல்வாயில் நொடிக்கு 3240 அடி. மணிக்குப் பத்து மைல் நேர் பக்கக் காற்று அதை 300 கஜத்தில் சுமார் 10 அங்குலம் தள்ளும், 400-இல் சுமார் 20 அங்குலம். காற்றைப் பத்துக்குப் பதில் ஐந்து என்று மதிப்பிட்டால் 300 கஜத்தில் ஐந்து அங்குலம் விலகும். குறியின் அகலமோ மூன்றரை. எனவே பக்கவாட்டுக் கோடுகள் இல்லாத வெறும் சிலுவைக் கம்பி காற்று வீசும் சமவெளியில் ஊகத்தை மட்டுமே தரும். ஒன்றரை மணி நேரத்தில் ஐம்பது முறை மாறும் காற்றுக்கு டரெட்டை (கிளிக் கிளிக்காகத் திருகிக் குறிபார்வையை நகர்த்தும் குமிழ்) திருகிக்கொண்டிருக்கவும் முடியாது. உயரத்துக்கு டரெட், காற்றுக்குக் கோடு என்பதுதான் அனுபவப்பட்டவர்கள் பெரும்பாலோரின் முறை.

வயலுக்கு என்றால் முதல் குவியத்தளம், உச்ச மடங்கிலும் மெல்லியதாக நிற்கும் கம்பி, பக்கவாட்டில் அரை மில் அல்லது 1 எம்.ஓ.ஏ. இடைவெளிக் கோடுகள் என்று சொல்வேன். கீழ் மடங்கில் கம்பி தலைமுடிபோல மெலிந்து மறையும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். காகிதத்துக்கு மட்டும் என்றால் இரண்டாம் தளமும் மெல்லிய புள்ளியும். அங்கே மடங்கை மாற்றுவதே அபூர்வம். மரம்போலக் கிளைவிட்டுக் கீழே இறங்கும் கம்பிகளை வார்மின்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. குண்டு மண்ணைக் கிளப்பும் இடம் பெரும்பாலும் குறிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கும், அந்த இடத்தையே அந்தக் கிளைகள் மறைக்கின்றன.

பாரலாக்ஸ்

ஸ்கோப்புக்குள் குறியின் பிம்பம் ஒரு தளத்தில் விழுகிறது. அதே தளத்தில் கம்பியும் இருந்தால் கண் எங்கிருந்து பார்த்தாலும் கம்பி குறிமேல் நிலையாக நிற்கும். தளம் மாறினால் தலை அசையும்போது கம்பியும் குறிமேல் நகரும். இதனால் வரக்கூடிய அதிகபட்சப் பிழையைக் கணக்கிடலாம்: முன் லென்ஸின் ஆரத்தை, குறித் தூரத்துக்கும் பாரலாக்ஸ் அமைத்த தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டால் பெருக்கி, அமைத்த தூரத்தால் வகுக்க வேண்டும். 100 கஜத்துக்கு நிலையாக அமைத்த 40 மி.மீ. ஸ்கோப்பில் 300 கஜத்தைப் பார்த்தால் 20 மி.மீ. ஆரம் × 200 ÷ 100, அதாவது 40 மி.மீ. ஒன்றரை அங்குலத்துக்கு மேல். கண் முற்றிலும் ஓரத்துக்குப் போனால்தான் இவ்வளவு வரும்; கண் நடுவில் இருந்தால் பிழையே இல்லை. ஆனால் மூன்றரை அங்குலக் குறிக்கு இதில் பாதி பிழைகூடத் தாங்காது.

மான் வேட்டை ஸ்கோப்புகள் 100 அல்லது 150 கஜத்துக்கும், .22 ரிம்ஃபயர் ஸ்கோப்புகள் 50 அல்லது 60 கஜத்துக்கும் நிலையாக அமைக்கப்பட்டு வரும். வார்மின்டுக்கும் காகிதத்துக்கும் மாற்றக்கூடிய பாரலாக்ஸ் கட்டாயம் வேண்டும். முன் லென்ஸைச் சுற்றிய வளையமாக அது இருந்தால் பாகங்கள் குறைவு, உறுதி அதிகம். பழைய பெஞ்ச்ரெஸ்ட் ஸ்கோப்புகள் அப்படித்தான். இடப்பக்கக் குமிழாக இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்தபடி தலையைத் தூக்காமல் திருகலாம். வயலுக்குக் குமிழ்தான் வசதி.

சரிசெய்யும் வரிசையை மாற்றிச் செய்வதால்தான் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் கண்பக்க லென்ஸ். வெறும் வானத்தை நோக்கி வைத்து, இரண்டு மூன்று நொடி மட்டும் பார்த்து, கண்ணை எடுத்து, கொஞ்சம் திருகி, மீண்டும் பாருங்கள். நீண்ட நேரம் உற்றுப் பார்த்தால் மங்கலான கம்பியையும் கண் தானே கூர்மையாக்கிக்கொள்ளும், அமைப்பு தவறாகிவிடும். பார்த்த நொடியிலேயே கம்பி கூர்மையாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, பூட்டு வளையம் இருந்தால் பூட்டிவிடுங்கள். இதற்குப் பிறகுதான் பக்கக் குமிழ். அதை முடிவிலிக் குறிவரை திருப்பி, அங்கிருந்து ஒரே திசையில் குறிக்குக் கொண்டுவாருங்கள்; இரு திசையிலும் மாற்றி மாற்றித் திருகினால் உள்ளே பற்களின் தளர்வு பிழையாக வந்து சேரும். துப்பாக்கி பையில் அசையாமல் இருக்க, தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கம்பி நகராத இடமே சரியான இடம். குமிழில் பொறித்த கஜ எண் தோராயமானது. குளிரிலும் வெயிலிலும் அது மாறும்.

டரெட், குழாய், அடித்தகடு

கால் எம்.ஓ.ஏ. கிளிக் 400 கஜத்தில் ஓர் அங்குலம், 0.1 மில் கிளிக் சுமார் 1.4 அங்குலம். வார்மின்டுக்கு இரண்டும் போதும். 1000 கஜத்தில் 5 அங்குல எக்ஸ் வளையத்தை, அதாவது குறியின் நடு வளையத்தை, தேடுபவருக்குக் கால் எம்.ஓ.ஏ. கிளிக் 2.6 அங்குலத் தாவல்; அவருக்கு எட்டில் ஒரு பங்கு கிளிக்தான் உதவும். அதையே வயலுக்கு எடுத்துப்போனால் எண்ணுவதிலேயே பிராணி போய்விடும்.

மேலேறும் வரம்பு எவ்வளவு வேண்டும்? மேலே சொன்ன .223 குண்டை 200 கஜத்துக்கு ஜீரோ செய்தால், அதாவது அந்தத் தூரத்தில் கம்பி காட்டும் இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்தால், 500 கஜத்தில் சுமார் 44 அங்குலம் தாழும். எட்டரை எம்.ஓ.ஏ.க்குள் முடிந்துவிடும். எந்த ஸ்கோப்பிலும் அது உண்டு; ஸ்கோப்பின் முன்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி வைக்கும் 20 எம்.ஓ.ஏ. சாய்வுத் தகடு தேவையில்லை. 1000 கஜத்துக்குச் சுடும் .308, அல்லது 300 கஜத்துக்கு நீட்டும் .22 எல்.ஆர். என்றால் முப்பது, நாற்பது எம்.ஓ.ஏ. ஏற வேண்டியிருக்கும், அங்கேதான் சாய்வுத் தகடு வேலை செய்யும். மொத்த வரம்பு 60 எம்.ஓ.ஏ. உள்ள ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே 30 மட்டுமே. 20 தகடு போட்டால் மேலே 50, கீழே 10. மொத்த வரம்பே 40 உள்ள ஓர் அங்குலக் குழாய் ஸ்கோப்புக்கு அதே தகட்டைப் போட்டால் கீழே எதுவும் மிஞ்சாது. 100 கஜத்தில் ஜீரோ செய்யவே முடியாமல் திணறுவீர்கள். வரம்பின் விளிம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு: டரெட் நகர்த்தும் உள்குழாய் மேல் ஓரத்தை ஒட்டிவிட்டால் பக்கவாட்டில் நகர இடம் குறைந்துவிடும்.

30 மி.மீ. குழாய் வெளிச்சம் கூட்டும் என்பது நெடுநாள் நம்பிக்கை. அது தருவது உள்குழாய் நகர இடமும் உறுதியும்தான். வெளிச்சத்தைத் தீர்மானிப்பது முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்து வரும் எண்: 50 மி.மீ., 24 மடங்கு என்றால் 2.1 மி.மீ. பகலில் கண்மணியின் திறப்பு அவ்வளவுதான், போதும். 40 மி.மீ. லென்ஸில் 36 மடங்கு என்றால் 1.1 மி.மீ.; வெயிலில் சரி, மேகம் மூடினால் இருளும்.

டரெட் மூடி ஒன்று கேட்டு வாங்குங்கள், இல்லையேல் பூட்டக்கூடிய டரெட்டாகப் பாருங்கள். உறையிலிருந்து உருவும்போது திறந்த டரெட் நாலு கிளிக் நகர்ந்தது தெரியாமல் காலை முழுக்கத் தவறவிடுவோர் உண்டு.

கண்ணாடியின் தரத்துக்கு வயலில் ஒரு தனிக் காரணமும் இருக்கிறது. பிரெய்ரி டாக் வளைகளின் வாயிலில் ஒன்பது, பத்து அங்குல உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் வளை ஆந்தையும் உண்டு. அது சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பறவை. கானலில், தூரத்தில், இரண்டும் ஒரே நிழலாகத் தெரியும். யூட்டா பிரெய்ரி டாக் கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள இனம். அதைத் தொடவே கூடாது. தெற்கு டகோட்டாவின் கொனாட்டா படுகையில் பிரெய்ரி டாக்கை உண்டு வாழும் அரிய விலங்கான கறுங்கால் ஃபெரட்டுக்காகச் சுடுவது தடுக்கப்பட்டிருக்கிறது. அடையாளம் காண்பது பைனாகுலரின் வேலை. ஸ்கோப்பால் தேடுவதென்றால் துப்பாக்கியின் வாயை எதன்மீதெல்லாமோ திருப்புகிறோம் என்று பொருள். ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை 10 மடங்கு பைனாகுலருக்கு வைத்துவிடுங்கள்.

மாட்டுவது

நல்ல ஸ்கோப்பை, அதைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் மலிவு வளையத்தில் மாட்டினால் அந்த நல்லதெல்லாம் வீண். 50 மி.மீ. லென்ஸின் வெளிக்கூடு சுமார் 57 மி.மீ. விட்டம் வரும். வார்மின்ட் குழல் முன்னோக்கி அதிகம் மெலியாது, ஆகவே சாதாரண ரைஃபிளுக்குப் போதும் வளையம் இதற்கு இடிக்கும். இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விட்டு, அதற்குமேல் உயர்த்தாதீர்கள். உயர்ந்தால் கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டையில் பதியாது, கண் ஒவ்வொரு முறையும் வேறிடத்தில் நிற்கும், பாரலாக்ஸ் பிழை உள்ளே வரும்.

வளையங்களைத் தாங்கும் அடித்தகட்டின் சிறு திருகுகளுக்கு 15 முதல் 20 அங்குலப் பவுண்டு இறுக்கம், நீலத் திருகுப் பசை ஒரு துளி. வளையத்தின் மேல் திருகுகளுக்கு 15 முதல் 18, பசை வேண்டாம், குறுக்காக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக. தகட்டைப் பிடிக்கும் பெரிய மரைக்கு 65 வரை போகலாம். வளையம் செய்தவர் வேறு எண் சொல்லியிருந்தால் அதுவே செல்லும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்குரூடிரைவர் இல்லாமல் கைப்பழக்கத்தில் இறுக்குபவர்கள் பெரும்பாலும் மிகையாகவே இறுக்குகிறார்கள். குழாய் நசுங்கினால் மடங்கு வளையம் கனக்கும், பாரலாக்ஸ் குமிழ் பாதியில் பிடிக்கும். ஸ்கோப் பழுது என்று திருப்பி அனுப்பப்படுவதில் இந்தக் காரணமும் உண்டு. தகட்டின் துளைகள் நேர்க்கோட்டில் இல்லாத ரைஃபிள்களுக்கு பர்ரிஸ் சிக்னேச்சர் வளையங்களை விரும்பிச் சொல்வேன். உள்ளே சுழலும் பிளாஸ்டிக் செருகல்கள் குழாயை நெரிக்காமல் தாமே பொருந்திக்கொள்ளும்.

கம்பி செங்குத்தாக இருக்க வேண்டும். ஐந்து டிகிரி சாய்ந்திருந்தால், 500 கஜத்துக்காக 44 அங்குலம் ஏற்றும்போது அதில் 3.8 அங்குலம் பக்கவாட்டில் போய்விடும். ஒரு பிராணியின் முழு அகலம் அது. ரைஃபிளைச் சமமாக நிறுத்தி, 25 கஜத்துக்கு அப்பால் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, செங்குத்துக் கம்பியை அதோடு பொருத்தி இறுக்குங்கள். திருகை இறுக்கும்போதே ஸ்கோப் கொஞ்சம் உருளும், ஆகவே இறுக்கியபின் மறுபடி பாருங்கள்.

சோதனை

வாங்கிய வாரத்திலேயே செய்யுங்கள், திருப்பித் தரும் காலம் முடிவதற்குள். நான்கடி உயரக் காகிதத்தில் தூக்குக்குண்டு வைத்து ஒரு செங்குத்துக் கோடு வரைந்து, 100 கஜத்தில் ஒட்டுங்கள். தூரத்தை டேப்பால் அளக்க வேண்டும். 98 கஜத்தை 100 என்று எடுத்துக்கொண்டால் அங்கேயே இரண்டு சதவீதப் பிழை. கீழ்ப்புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டு. டரெட்டை 30 எம்.ஓ.ஏ. ஏற்றி, அதே கீழ்ப்புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டு. இரண்டு குழுக்களின் நடுவே 31.4 அங்குலம் இருக்க வேண்டும். மில் ஸ்கோப்பில் 10 மில்லுக்கு 36 அங்குலம். மேல் குழு கோட்டைவிட்டு விலகியிருந்தால் கம்பி சாய்ந்திருக்கிறது. பிறகு ஜீரோவுக்கு இறக்கி இன்னும் மூன்று. அது முதல் குழுவின்மேலேயே விழ வேண்டும்.

முடிவை எப்படி எடுத்துக்கொள்வது? மூன்று சதவீதம் குறைவாக ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். .223-க்கு எட்டரை எம்.ஓ.ஏ.யில் அது கால் எம்.ஓ.ஏ., 500 கஜத்தில் சுமார் 1.3 அங்குலம். எண்ணைத் தெரிந்துகொண்டு அட்டவணையில் திருத்திக்கொள்ளலாம். எஃப்-கிளாஸில் 35 எம்.ஓ.ஏ. ஏற்றும்போது அதே மூன்று சதவீதம் 10 அங்குலத்துக்கு மேல் போகும். ஆனாலும் சோதனைக் குண்டில் திருத்திவிடலாம். ஜீரோவுக்குத் திரும்பாத ஸ்கோப்பும், ஒரு முறை இரண்டு கிளிக், அடுத்த முறை மூன்று கிளிக் என்று நகரும் ஸ்கோப்பும் வேறு விஷயம். அவற்றுக்கு அட்டவணை போட முடியாது. யோசிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

எதை வாங்கலாம்

சிக்கன விலையில் வயலுக்கு வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் டாக்டிகல் 6-24×50 (பெருக்கல் குறிக்குப் பின் வருவது முன் லென்ஸின் மி.மீ. விட்டம்), அத்லான் ஆர்கோஸ் பி.டி.ஆர். 6-24×50, இரண்டும் முதல் குவியத்தளம். உச்ச மடங்கில் பிம்பம் மங்கும், 18 வரை நன்றாகவே இருக்கும், வார்மின்டுக்கு அது போதும். ஒரு படி மேலே வோர்டெக்ஸ் வைப்பர் பி.எஸ்.டி. இரண்டாம் தலைமுறை 5-25×50. வயலும் காகிதமும் பாதிப்பாதி என்றால் சைட்ரான் எஸ்3 8-32×56 நல்ல நடுவழி. காகிதம் மட்டும் என்றால் நைட்ஃபோர்ஸ் காம்பெடிஷன் 15-55×52, வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15-60×52. பெஞ்ச்ரெஸ்ட் லைட் வார்மின்ட் பிரிவில் ஸ்கோப்போடு சேர்த்து ரைஃபிளின் எடை பத்தரை பவுண்டைத் தாண்டக் கூடாது, ஹெவி வார்மின்டில் பதின்மூன்றரை. அங்கே இரண்டு பவுண்டை நெருங்கும் ஸ்கோப் குழலின் எடையைத் தின்றுவிடும். ஒரு பவுண்டை ஒட்டிய வீவர் டி-36 போன்ற நிலை மடங்கு ஸ்கோப்புகளைத் தேடிப்போவது அதற்காகத்தான். மடங்கு மாற்றும் பாகமே இல்லாததால் உள்ளே தளர்வதற்கும் குறைவாகவே இருக்கிறது.

இந்தப் பழைய நிலை மடங்கு ஸ்கோப்புகள் பெரும்பாலும் இரண்டாம் கையாகத்தான் கிடைக்கும். குழாயில் வளையத் தழும்பு இருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். நிறம் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, பள்ளம் தட்டுப்பட்டால் வேண்டாம். டரெட்டை இரு முனைகளுக்கும் முழுதாகத் திருகி, எல்லா இடத்திலும் கிளிக் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று உணருங்கள். முன் லென்ஸ் வழியாக விளக்கடித்து உள்ளே மூட்டமோ தூசியோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இயன்றால் லியூபோல்ட், வோர்டெக்ஸ் போன்றவற்றைத் தேடுங்கள். அவற்றின் ஆயுள் உத்தரவாதம் முதலில் வாங்கியவரோடு நின்றுவிடுவதில்லை, ரசீது இல்லாமலும் பழுதுபார்க்க அனுப்பலாம்.